ஞாயிறு திருப்பலி நேரலையை நிறுத்தலாமா, தொடரலாமா?

கேள்வி
பங்கு ஊடகக் குழுச் செயலர்

அனைவருக்கும் வணக்கம். 2020ஆம் ஆண்டு ஆலயங்கள் பூட்டப்பட்டிருந்த நாள்களில், எங்கள் பங்கில், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த எங்கள் கத்தோலிக்கச் சமூகத்தில், ஞாயிறு திருப்பலியை (பூசையை) யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கினோம். அன்று எங்களிடம் இருந்தவை ஒரு கைப்பேசியும் அதை நிறுத்தி வைக்க ஒரு முக்காலியும்தான். இன்று இரண்டு கேமராக்களும், ஒலியைச் சீராக்கும் மிக்சரும், பாடல் வரிகளைத் திரையில் காட்டும் மென்பொருளும் இருக்கின்றன. கூடவே ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு முகநூல் பக்கமும் வளர்ந்துவிட்டன.

சென்ற மாதம் கூடிய பங்குப்பேரவையில், நேரலையை நிறுத்திவிட வேண்டும் என்று உறுப்பினர் சிலர் வலியுறுத்தினார்கள். நடமாட முடிந்தவர்களும் ஆலயத்துக்கு வராமல், ஒரு கண்ணை அடுப்பிலும் மறு கண்ணைத் திரையிலும் வைத்துக்கொண்டு, பூசை கண்டுவிட்டதாக நிறைவடைந்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். படுக்கையில் இருப்பவர்களை அப்படியே கைவிட்டுவிடுவதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். பங்குத்தந்தை இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்துக்குள் ஒரு குறிப்பு எழுதித் தரும்படி என்னைப் பணித்திருக்கிறார்.

உண்மையில் என் கலக்கம் நேரலையோடு நிற்கவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் ஐம்பது செய்திகளுக்குக் குறையாமல் வருகின்றன. பெரும்பாலானவை புனிதர்களின் படம் பதித்த காலை வணக்கங்கள். பத்துப் பேருக்கு அனுப்பினால் மாலைக்குள் நல்ல செய்தி வந்து சேரும் என்ற வகையும் அவற்றுள் உண்டு. அதே குழுவில் இருக்கும் ஒரு பெரியவர் மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்ததை எங்களில் ஒருவரும் அறியவில்லை. இத்தனை செய்திகள் ஓடும் இடத்தில் அந்த ஒரு செய்தி எப்படித் தவறிப்போயிற்று என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நேரலை பற்றித் திருச்சபை என்ன சொல்லியிருக்கிறது, உங்கள் பங்குகளில் இதை எவ்வாறு நடத்துகிறீர்கள் என்று அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
வழிபாட்டியல் பயின்றவர்

நண்பரே, இது யூடியூபோடு பிறந்த கேள்வி இல்லை. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த 1957ஆம் ஆண்டிலேயே, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவை குறித்து எழுதிய சுற்றுமடலில், திரையில் காணும் திருப்பலி நேரில் பங்கேற்கும் திருப்பலிக்கு ஈடாகாது என்றும், திருப்பலியில் கட்டாயம் பங்கேற்க வேண்டிய கடன் திருநாள்களின் கடமையை அது நிறைவேற்றாது என்றும் தெளிவுபடுத்திவிட்டார். ஆயினும் அவர் அத்தகைய ஒளிபரப்பைத் தடை செய்யவில்லை. நோயுற்றோருக்கும் வர இயலாதோருக்கும் அது தரும் பயனை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு வந்த ஆவணங்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த இரண்டு கரைகளுக்கு நடுவில்தான் ஓடுகின்றன.

2002 பிப்ரவரி 22 அன்று வெளியான 'திருச்சபையும் இணையமும்' என்ற திருப்பீட (வத்திக்கான்) ஆவணம், இணையத்தில் அருளடையாளங்கள் (திருச்சபையின் புனிதச் சடங்குகள்) இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகப் பெறும் அப்பமாகிய நற்கருணையை இணையம் வழியாகப் பெற இயலாது. ஒப்புரவு அருளடையாளத்தை (பாவ அறிக்கையை) காணொளி அழைப்பில் நிறைவேற்றவும் இயலாது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஆகஸ்ட் 15 நாளிட்ட மடலில், வழிபாட்டைக் கவனிக்கும் வத்திக்கான் துறையான திருவழிபாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் இராபர்ட் சாரா, எந்த ஒளிபரப்பும் நேரடிப் பங்கேற்பின் இடத்தைப் பிடிக்க முடியாது என்று ஆயர்களுக்கு நினைவூட்டினார். அதே ஆண்டு மார்ச் மாதத்திலோ, தொற்றுக்கு ஆளாகித் தனிமையில் இருந்தவர்கள் ஊடகம் வழியாகத் திருப்பலியோடும் செபமாலையோடும் உள்ளத்தால் இணைந்தால் பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை) பெறலாம் என்று திருப்பீடம் அறிவித்திருந்தது. முரண்போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே கொள்கையின் இரு பக்கங்களே: வர முடியாதவருக்கு அது துணை, வர முடிந்தவருக்கு அது மாற்று ஆகாது.

உங்கள் பேரவையில் பலர் மறந்துபோகும் ஒன்றையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடும் நோயிலோ அதற்கு இணையான காரணத்தாலோ வர இயலாதவருக்கு ஞாயிறு கடன் அந்நேரத்தில் இல்லவே இல்லை. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1248ஆம் எண், அத்தகையோர் தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் நேரம் செலவிடுவதைப் பெரிதும் பரிந்துரைக்கிறது. எனவே 'நேரலை பார்த்தால் கடன் தீருமா' என்ற கேள்விக்கே இடமில்லை: படுக்கையில் இருப்பவருக்குத் தீர்க்க வேண்டிய கடன் இல்லை, நடமாடுபவருக்கு அது திரையால் தீராது. நம் முன்னோர் 'பூசை காண்பது' என்று வழங்கிய சொல் இப்படி நேர்ப்பொருளிலேயே பலித்துவிடும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

மறுமொழி 2
மூத்த பங்கு உறுப்பினர்

நிறுத்திவிடுங்கள் என்பதே என் கருத்து. நோயாளிகளுக்காக என்று தொடங்கிய ஒன்று, நோயாளிகளின் பெயரால் மற்றவர்களுக்கு வசதியாகிவிட்டது. திருத்தூதர் யோவான் தம் இரண்டாம் திருமுகத்தின் முடிவில், எழுத வேண்டியவை பல இருந்தாலும் தாளிலும் மையிலும் அவற்றை எழுத விரும்பாமல், நேரில் வந்து பேசவே விழைவதாகக் கூறுகிறார். மகிழ்ச்சி நிறைவடைவது அப்போதுதான் என்கிறார். தாளும் மையும் போதாது என்று கருதியவருக்குக் கேமரா போதுமா? கேமராவுக்குச் செலவிடும் தொகையையும் இளைஞர்களின் நேரத்தையும் நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்வதற்குச் செலவிடலாம்.

மறுமொழி 3
தாயைப் பராமரிக்கும் மகள்

ஐயா, தாங்கள் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். ஆயினும் நோயாளிகளின் பெயரால் என்று தாங்கள் எழுதியதால், அப்படி ஒரு நோயாளியின் அறையிலிருந்து சில சொற்கள் சொல்ல அனுமதியுங்கள். என் தாய் நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். ஞாயிறு காலை நேரலை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே முகம் கழுவி, தலை வாரி, நல்ல புடவை உடுத்திவிடச் சொல்வார். பக்கத்து மேசையில் ஒரு மெழுகுதிரியை ஏற்றுவோம். எழுந்து நிற்க வேண்டிய இடங்களில் அவரால் நிற்க முடியாது. கைகளை மட்டும் சற்றே உயர்த்துவார். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் நின்று செபித்ததை அவர் பார்த்தார். அந்தச் சதுக்கம் தன் அறையைப் போலவே இருந்தது என்று பிறகு சொன்னார்.

இருந்தாலும் ஐயா சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பங்கின் நேரலையில் ஒரு குறை இருந்தது, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். நன்றி மன்றாட்டு முடிந்த உடனே ஒளிபரப்பைத் துண்டித்துவிடுவார்கள். அறிவிப்புகள் ஆன்மிகம் அல்ல என்று குழுவினர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் என் தாய் காத்திருந்ததே அந்த அறிவிப்புகளுக்காகத்தான்: யாருக்குத் திருமண ஓலை (திருமண முன்னறிவிப்பு) வாசிக்கிறார்கள், யார் இறந்தார்கள், யாருக்காகச் சிறப்பாக மன்றாடச் சொல்கிறார்கள் என்பவை. ஓலையில் ஒரு பெயரைக் கேட்டால், அந்தப் பெண்ணுக்குத் தாம் மறைக்கல்வி சொல்லிக் கொடுத்ததை நினைவுகூர்வார். மறையுரை எந்த ஆலயத்திலிருந்தும் கிடைக்கும், அதுவும் எங்கள் பங்குத்தந்தையினும் நன்றாகப் பேசுகிறவர்களிடமிருந்தே கிடைக்கும் (அவர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்). சொந்தப் பங்கின் அறிவிப்புகள் வேறெங்கும் கிடைக்கமாட்டா.

கேமராவும் எப்போதும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. காணிக்கைப் பவனியின்போதாவது ஒருமுறை மக்களின் பக்கம் திருப்பும்படி கேட்டுக்கொண்டேன். பின் வரிசையில் தன் பழைய தோழி அமர்ந்திருப்பதைக் கண்ட அன்று, என் தாய் அவருக்குத் தொலைபேசியில் அழைத்தார்; அடுத்த வாரமே அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மாதத்தின் முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுவரும் அருள்சகோதரிதான் எங்களுக்கு எல்லாவற்றினும் மேல். அவரை நம்பி நேரலையை நிறுத்திவிடலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதத்தில் எஞ்சிய ஞாயிறுகள் இருக்கின்றனவே.

மறுமொழி 4
மறைக்கல்வி ஆசிரியர், முகநூல் பக்கம் ஒன்றை நடத்துபவர்

சகோதரியின் மறுமொழிக்குப் பிறகு நேரலை பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. வாட்ஸ்அப் குழுவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

மறைபரப்புக்கு எழுத்தைப் பயன்படுத்தியவர்களில் புனித பிரான்சிஸ் சலேசியாரை இங்கு நினைக்கலாம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய பிரான்சின் கிழக்கில் உள்ள ஷப்லே பகுதியில் அவர் ஆற்றிய மறையுரைகளைக் கேட்க ஆள் வராதபோது, அவற்றைத் தாள்களில் எழுதி வீட்டுக் கதவுகளின் அடியில் செருகினார். 1923இல் அவரை எழுத்தாளர்களுக்கும் இதழாளர்களுக்கும் பாதுகாவலராகத் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் அறிவித்தார். உலக சமூகத்தொடர்பு நாளுக்கான செய்தி இன்றும் அவருடைய திருநாளான ஜனவரி 24 அன்றுதான் வெளியாகிறது. அந்தத் தாள்களைச் செருகிவிட்டு அவர் ஊரை விட்டுப் போய்விடவில்லை என்பதை மறக்கக் கூடாது. அங்கேயே தங்கி, பல ஆண்டுகள் அந்த மக்களிடையே நடந்தார். நம் காலை வணக்கப் படங்கள் கதவடியில் செருகிய தாள்கள் என்றால், தட்டியவர் யார், அந்த வீட்டில் இருப்பவர் யார் என்பதை இரு பக்கத்திலும் ஒருவரும் அறியாத தாள்கள் அவை.

நான் நடத்தும் பக்கத்தில் கற்றுக்கொண்ட கசப்பான பாடம் ஒன்று உண்டு. நற்செய்தி வாசகத்துக்கு எழுதும் விளக்கத்தைச் சிலரே படிப்பார்கள். நற்கருணையைக் கையில் வாங்குவதா நாவில் வாங்குவதா என்று ஒரு வரி எழுதினால் இரவெல்லாம் சண்டை நடக்கும். சண்டை நடக்கும் பதிவையே அந்தத் தளம் இன்னும் பலருக்குக் கொண்டுபோய்க் காட்டும், ஏனெனில் மக்கள் அதில் தங்கி நிற்கிறார்கள். கோபத்தை வளர்த்தால் பக்கம் வளரும் என்பதை நான் கண்கூடாகக் கண்டேன். சில காலம் வளர்க்கவும் செய்தேன். 2023 மே மாதம் திருப்பீடத்தின் சமூகத்தொடர்புத் துறை வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனை, நல்ல சமாரியரின் உவமையை எடுத்துக்கொண்டு, இணையச் சாலையிலும் அடிபட்டுக் கிடப்பவரைக் கடந்துபோகிறவர்களாக நாம் ஆகிவிடும் இடரைப் பேசுகிறது. உங்கள் குழுவில் அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது அதுவேதான்: ஐம்பது பேர் அந்த வழியாகப் போனார்கள், ஐம்பது பேரும் வணக்கம் சொன்னார்கள்.

இளைஞர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்வது இத்தாலியச் சிறுவர் கார்லோ அக்குதிஸை. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தியதிலிருந்து, எல்லா ஊடகக் குழுக்களின் சுவரிலும் அவர் படம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் 2006இல் தம் பதினைந்தாம் வயதில் இறந்த அவர், சமூக ஊடகங்கள் இன்றைய வடிவை எடுப்பதற்கு முன்பே போய்விட்டார். நற்கருணைப் புதுமைகளை (அற்புதங்களை) தொகுத்த அவருடைய இணையத்தளம் பார்ப்பவர்களைத் தன்னிடம் கட்டிப்போடும் வகையில் அமையாமல் நற்கருணையை நோக்கி அனுப்பிவைத்தது. அந்தத் திசையைத்தான் நாம் அவரிடம் கற்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

நடைமுறையில் நாங்கள் செய்தது இது. அறிவிப்புகளுக்கு, பொறுப்பாளர்கள் மட்டும் எழுதக்கூடிய ஒரு குழுவைத் தனியாக வைத்தோம். உரையாடலுக்கு, அருகருகே வசிக்கும் பதினைந்து இருபது குடும்பங்களாகச் சிறு குழுக்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு ஒரே ஒரு பணியைக் கொடுத்தோம்: இரண்டு வாரமாக ஒருவர் குரலே இல்லை என்றால் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. செப விண்ணப்பங்களில் நோயின் பெயரையும் மருத்துவ அறிக்கையையும் பகிரக் கூடாது, பெற்றோரின் எழுத்து இசைவு இல்லாமல் பிள்ளைகளின் படத்தை வெளியிடக் கூடாது என்று இரண்டு விதிகளையும் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டாவது விதி ஒரு முதல் நற்கருணை விழாவுக்குப் பின் ஏற்பட்ட மனக்கசப்பால் வந்தது; விவரம் வேண்டாம்.

மறுமொழி 5
மூத்த பங்கு உறுப்பினர்

சகோதரி எழுதியதைப் படித்தேன். தங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நேரலை இருக்கட்டும். ஆனால் திருப்பலி முடிந்ததும் அந்தப் பதிவைத் தளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். மற்றவர்கள் கூடியிருக்கும் அந்த நேரத்திலேயே தாமும் விழித்து அமர்ந்து செபிக்கும் நோயாளியும், நள்ளிரவில் வேகத்தை இரண்டு மடங்காக்கி ஓட்டிப் பார்ப்பவரும் ஒரே செயலைச் செய்யவில்லை.

மறுமொழி 6
பங்கு ஊடகக் குழுச் செயலர்

எல்லாருக்கும் நன்றி. குறிப்பை எழுதி முடித்துவிட்டேன். நேரலை தொடரும், அறிவிப்புகளும் இறுதி ஆசியும் முடியும்வரை ஓடும், காணிக்கைப் பவனியில் இரண்டாம் கேமரா மக்களைக் காட்டும். பதிவை அன்று மாலையே நீக்கிவிடலாம் என்று ஐயாவின் யோசனையையும் சேர்த்திருக்கிறேன், இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள் எங்கள் பங்கில் பலர் இருப்பதால் பேரவை அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரியவில்லை. நேரலை பார்க்கும் வீடுகளின் பட்டியலை நற்கருணைப் பணியாளர்களிடம் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் முதல் பத்தியில் வைத்தேன். இத்தனை ஆண்டுகளில் அப்படி ஒரு பட்டியலே எங்களிடம் இல்லை. பார்வையாளர் எண்ணிக்கை மட்டும் வாரந்தோறும் துல்லியமாக இருந்தது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அந்தப் பெரியவரை நேற்று மாலை பார்க்கப் போனேன். அவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாததால் பங்கு அலுவலகத்துப் பதிவேட்டைப் புரட்டித்தான் முகவரி எடுத்தேன். குழுவில் ஏன் ஒரு சொல்லும் எழுதவில்லை என்று கேட்டேன். எழுதியதாகச் சொல்லிக் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். 'நாளை அறுவை சிகிச்சை, செபித்துக்கொள்ளுங்கள்' என்ற அவருடைய ஒரு வரி, இரண்டு காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் இருந்தது. அதற்குக் கீழே என் கூப்பிய கைகளும் இருந்தன.