காம்ஃப்ரி: விதையா வேரா? கரைசல் எப்படிப் போடுவது?

மிளகாய்ப்பாத்தி:
இங்கிலாந்தில் இருக்கிறோம், அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்கு விடும் துண்டு நிலம்) கிடைத்திருக்கிறது. தக்காளி, மிளகாய்க்கு உரமாக, காம்ஃப்ரி என்ற செடியின் இலையில் போடும் கரைசலை ஊற்றச் சொல்கிறார்கள். விதை வாங்கலாமா? நாற்றம் இல்லாமல் கரைசல் போட வழி உண்டா?

வேர்க்காரன்:
விதை வேண்டவே வேண்டாம். சாதாரண காம்ஃப்ரி விதை உதிர்ந்து பக்கத்துப் பாத்தியெல்லாம் முளைத்துவிடும். ‘பாக்கிங் 14’ என்று கேட்டு வேர்த்துண்டு வாங்குங்கள். 1950களில் எசெக்ஸின் பாக்கிங்கில் லாரன்ஸ் ஹில்ஸ் தேர்ந்தெடுத்த ரகம். இதில் விதை பிடிக்காது.

மார்ச் முதல் மே வரை நடலாம். துண்டைப் படுக்கப் போட்டு 5 செ.மீ. மண் மூடினால் போதும். செடிக்குச் செடி 60-90 செ.மீ. விடுங்கள். நாலைந்து செடியே தாராளம். முதல் வருஷம் பூத்தண்டை மட்டும் நறுக்கிவிட்டு இலையைத் தொடாதீர்கள், வேர் பிடிக்கட்டும். அடுத்த வருஷத்திலிருந்து தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு மூன்று நான்கு தடவை அறுக்கலாம். செப்டம்பருக்குப் பிறகு அறுத்தால் குளிருக்கு முன் வேரில் சத்து சேராது.

இடத்தை யோசித்து முடிவு செய்யுங்கள். பிறகு தோண்டி எடுக்க நினைத்தால், அறுந்த ஒவ்வொரு வேர்த்துண்டும் தனிச்செடியாகக் கிளம்பும். அந்த இடத்தில் ரோட்டவேட்டர் ஓட்டவே கூடாது.

உரவாளி:
இலையைத் தண்ணீரில் ஊறப்போடுவதால்தான் நாற்றம். காற்றில்லாமல் புரதம் அழுகுகிற வாடை அது. தண்ணீரே சேர்க்காதீர்கள். வாளியின் அடியில் ஓட்டை போட்டு, நறுக்கிய இலையை அமுக்கி நிரப்பி, மேலே செங்கல் வைத்து மூடுங்கள். கீழே ஒரு பாத்திரம். இரண்டு மூன்று வாரத்தில் கறுப்புச்சாறு சொட்டும். 1 பங்கு சாறுக்கு 10-15 பங்கு தண்ணீர். வாடை அறவே இருக்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வரமாட்டார்.

தண்ணீர் முறைதான் வேண்டுமென்றால் கிலோ இலைக்கு 15 லிட்டர், நான்கு வாரம். அதை அப்படியே ஊற்றலாம்.

இதில் பொட்டாசியம் தூக்கல். அதனால் முதல் காய் பிடித்த பிறகு வாரம் ஒருமுறை கொடுங்கள். நாற்றுக்கும் கீரைக்கும் இது தோதுப்படாது. மண்ணில் நேரடியாகப் புதைப்பதானால் இலையை ஓரிரு நாள் வாடவிடுங்கள். தண்டு பச்சையாக இருந்தால் வேர்விடக்கூடும்.

வேர்க்காரன்:
இலையில் சுணை உண்டு, கையுறை போடுங்கள். கீரைபோலக் கடைந்து சாப்பிடவோ டீ போடவோ வேண்டாம். இதிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் ஈரலைக் கெடுக்கும். உட்கொள்ளும் காம்ஃப்ரி தயாரிப்புகளை விற்பனையிலிருந்து எடுக்கும்படி 2001இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கேட்டுக்கொண்டது. அதோடு, பூக்காத பருவத்தில் கொடிய விஷமுள்ள ஃபாக்ஸ்கிளவ் இலையும் இதேபோல்தான் இருக்கும்.

மிளகாய்ப்பாத்தி:
நன்றி. கம்போஸ்ட் தொட்டிக்குப் பக்கத்து மூலையில் வைக்கலாமா?

உரவாளி:
தாராளமாக. மிஞ்சுகிற இலையை அப்படியே தொட்டியில் போடலாம். ஒரே கட்டியாகப் போட்டால் கொழகொழவென்று அழுகும். நடுநடுவே காய்ந்த சருகோ கிழித்த அட்டையோ சேருங்கள்.