டாம் அண்ட் ஜெர்ரி பாத்து பயந்தது நான் மட்டும்தானா?

தூங்காத_பூனை:

ரொம்ப நாளா மண்டைக்குள்ள கெடக்கற சந்தேகம், சிரிக்காம படிங்க. சின்ன வயசுல எனக்கு டாம் அண்ட் ஜெர்ரின்னா உயிரு. ஆனா நடுநடுவுல சில எபிசோடு வரும் பாருங்க, அதே பூனை அதே எலிதான், ஆனா ஏதோ சரியில்லாத மாதிரியே இருக்கும், சத்தமெல்லாம் கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி எக்கோ அடிக்கும், ஒரு குண்டு மொட்டத்தல ஆளு மூஞ்சி செவசெவன்னு ஆகி டாமப் போட்டு வெளுப்பான், எனக்கு வயித்தக் கலக்கிடும், எந்திரிச்சு வேற ரூமுக்கு ஓடிடுவேன். கார்ட்டூன் பாத்து பயந்த மொத ஆளு நீதான்னு எங்கண்ணன் இன்னைக்கு வரைக்கும் ஓட்டுறான்.

இதுல கூத்து என்னன்னா நெஜப் பேய்ப்படமெல்லாம் இப்ப எனக்கு தாலாட்டு. போன வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப என்ன போட்டேன் தெரியுமா, 1978ல வந்த ஹாலோவீன். பதினோரு வயசுல அண்ணன் கூட பாத்தது, அதாவது அவன் பாத்தான், நான் போர்வைக்குள்ள இருந்தேன். இப்ப அந்த பியானோ ஆரம்பிச்சதும் ஒடம்பு லேசாகி அப்படியே தூங்கிட்டேன். மைக்கேல் ஜாக்சனோட த்ரில்லர் பாட்டு கடைசில ஒரு சிரிப்பு வருமே, கேசட்ல அது வர்றதுக்குள்ள ஓடிப்போய் ஸ்டாப் பட்டன அமுக்குவேன், இப்ப அதுக்காகவே முழுப் பாட்டும் கேக்கறேன்.

அன்னைக்கு பயந்ததெல்லாம் இன்னைக்கு சொகமா இருக்கு, அந்தக் கார்ட்டூன் மட்டும் இன்னும் அதே கலக்கம். அது நெஜமாவே வந்த எபிசோடா, இல்ல நானா எதையாவது கற்பனை பண்ணிக்கிட்டேனா?


பழைய_ரீல்:

கற்பனையே இல்ல. நீங்க பாத்தது ஜீன் டைச்னு ஒரு கார்ட்டூன் டைரக்டர் எடுத்த படங்க. டாம் அண்ட் ஜெர்ரிய உருவாக்குன ஹன்னாவும் பார்பெராவும் 1940லேர்ந்து 1958 வரைக்கும் எம்ஜிஎம்ங்கற ஹாலிவுட் கம்பெனிக்கு 114 குட்டிப் படம் பண்ணாங்க, எம்ஜிஎம் கார்ட்டூன் ஸ்டூடியோவ மூடிட்டு அப்புறம் 1961, 62ல டைச் கிட்ட குடுத்து 13 படம் எடுத்தாங்க, அதுவும் அப்போ செக்கோஸ்லோவாக்கியாவுல இருந்த ப்ராக் நகரத்துல. காசும் கம்மி. வரைஞ்சவங்க பழைய படங்கள விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் பாத்திருந்தாங்க. அந்த மொட்டத்தல ஓனரும் அதுல வர்றவன்தான்.

அந்த கெணத்துச் சத்தம் பத்தி சொன்னீங்களே, அதுதான் முக்கியம். சவுண்ட் எஃபெக்ட் பண்ணவர் டாட் டாக்ஸ்டேடர், டேப்ப வெட்டி ஒட்டி எலக்ட்ரானிக் இசை பண்ற ஆளு. பழைய படங்கள்ல ஸ்காட் பிராட்லின்னு ஒருத்தர் முழு ஆர்கெஸ்ட்ரா வச்சுக்கிட்டு பூனை எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்வரம் போடுவாரு, டாம் மாடிப்படில உருண்டா இசையும் கூடவே உருளும், அந்த அலறல் கூட வில்லியம் ஹன்னாவோட சொந்தத் தொண்டைதான். அதனால எவ்வளவு அடி விழுந்தாலும் யாருக்கும் வலிக்கலைன்னு நம்ம காதுக்கு தெரிஞ்சிடும். டைச் படத்துல அந்த மெத்தை கெடையாது. அடி விழுந்தா அடி விழுந்த மாதிரியே இருக்கும். பயந்ததுல தப்பே இல்ல.


தாளம்_தட்டி:

ரீல் அண்ணே சொன்னது சரி, ஆனா பிராட்லிய அப்படியே பஞ்சு மெத்தையாக்கிடாதீங்க. அவரு ஷான்பெர்க்னு ஒரு இசையமைப்பாளரோட பன்னெண்டு சுர முறையெல்லாம், அதாவது பன்னெண்டு சுரத்துக்கும் ஒரே மதிப்பு குடுத்து காதுக்கு முரடா கேக்கற பாணி, எலி துரத்தல்ல புகுத்தின மனுஷன். நம்ம காது கொழந்தையா இருக்கும்போதே அத முழுங்கிடுச்சு, அவ்வளவுதான்.

பூனை, உங்க ஹாலோவீன் மேட்டருக்கு வர்றேன். அந்த இசைய டைரக்டர் ஜான் கார்பென்டரே போட்டாரு, 5/4 தாளம், அதாவது அஞ்சு அஞ்சா எண்றது. விரலால மேசைல தட்டிப் பாருங்க, தகிட தகிட தக தக, தகிட தகிட தக தக. நாலு நாலா எண்ணிப் பழகுனவனுக்கு கால் எங்க வைக்கிறதுன்னே தெரியாது, யாரோ கூடவே நடந்து வர்ற மாதிரி இருக்கும். இசை சேக்காம ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்கு போட்டுக் காட்டினப்ப அவங்களுக்கு பயமே வரலையாம், அப்புறம்தான் உக்காந்து இசை போட்டு காப்பாத்தினேன்னு அவரே சொல்லிருக்காரு. சைக்கோ படம் கூட அப்படித்தான், குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேணாம்னு டைரக்டர் ஹிட்ச்காக் நெனச்சாரு, இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேக்காம வயலின் கூட்டத்த வச்சு கீச்சுன்னு கிழிச்சுட்டாரு.

இப்ப விஷயம். நீங்க போர்வைக்குள்ள இருந்தேன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப நீங்க படம் பாக்கல, கேட்டீங்க. அந்த தகிட தகிட கூட ஒட்டிக்கிட்டு இருக்கறது கத்தி இல்ல, போர்வையோட சூடும் அண்ணன் பக்கத்துல உக்காந்திருந்ததும். தூக்கம் வராம என்ன பண்ணும்?


முகமூடி_மாமா:

எனக்கு பேய்ப் பயம் போனது ஸ்கூபி டூ கார்ட்டூன் புண்ணியத்துல. 1969லேர்ந்து ஒரே கதை, எந்தப் பேயா இருந்தாலும் கடைசில மூஞ்சிய உரிச்சா யாரோ ஒரு கடுகடு பெருசு. ஹாலோவீன்ல கொலைகாரன் போட்டிருக்கற முகமூடியே ஸ்டார் ட்ரெக்ங்கற டிவி தொடர்ல வர்ற கேப்டன் கர்க் முகமூடிதான், கடைல வாங்கி வெள்ள பெயிண்ட் அடிச்சு கண்ணு ஓட்டைய பெருசாக்கிட்டாங்க. இது தெரிஞ்சதுலேர்ந்து அவன் கத்தியோட வந்தா எனக்கு சிரிப்பு வருது. தெரியாமலே இருந்திருக்கலாம்.


வேண்டாத_விமர்சகர்:

எல்லாரும் உருகறீங்க, ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டுப் போறேன். நான் ஆசை ஆசையா பழசெல்லாம் தேடிப் பாத்தேன், பாதி தாங்கல. அதே ஹன்னா பார்பெரா டிவிக்குப் போனதும் பண்ணதப் பாருங்க, ஆளு ஓடுவான், பின்னாடி அதே ஜன்னல் அதே செடி அதே ஜன்னல் அதே செடி, வாய் மட்டும் அசையும், கழுத்துல ஒரு காலர் மாட்டி விட்டிருப்பாங்க, தலைய மட்டும் தனியா வரைஞ்சா வேலை மிச்சம்ங்கறதுக்காக. பத்து வயசுலேர்ந்து முப்பது வயசு வரைக்கும் நடந்ததுதான் மனுஷனுக்கு அதிகமா ஞாபகம் நிக்கும்னு மனோதத்துவத்துலயே சொல்றாங்க, நம்ம ரசனை பாதி அந்தக் கணக்குதான்.

எங்கண்ணன் பொண்ணுக்கு த்ரில்லர் வீடியோ போட்டுக் காட்டினேன். 1983, ஜான் லாண்டிஸ் டைரக்ஷன், ரிக் பேக்கர் மேக்கப், பாட்டு கடைசில சிரிக்கறது பழைய பேய்ப்பட நடிகர் வின்சென்ட் ப்ரைஸ், கிட்டத்தட்ட 14 நிமிஷம்னு நான் லெக்சர் அடிச்சுக்கிட்டிருக்கேன், அவ நாலு நிமிஷம் பொறுத்துட்டு கேட்டா, "சித்தப்பா, பாட்டு எப்ப வரும்?"

ஆனா பாட்டு வந்ததும் எந்திரிச்சு ஆடினா. அத மறைக்கக் கூடாது.


பழைய_ரீல்:

விமர்சகரே, உங்களுக்குன்னே ஒண்ணு. பாட்டு, கார்ட்டூன், பேய் மூணும் ஒரே எடத்துல வேணும்னா 1932ல வந்த மின்னி த மூச்சர், பெட்டி பூப்னு ஒரு பொண்ணு வர்ற பழைய கார்ட்டூன். ஆரம்பத்துல கேப் காலோவேங்கற ஜாஸ் பாடகர் நெஜமாவே பேண்ட் முன்னாடி ஆடுவாரு, அப்புறம் ஒரு குகைக்குள்ள கடற்பசுவா கடற்சிங்கமா என்னமோ, தந்தம் வச்ச ஒரு பேய் அதே ஆட்டம் ஆடிக்கிட்டே பாடும். அவரு ஆடினத ஃபிலிம் புடிச்சு ஒவ்வொரு ஃப்ரேமா மேல வச்சு வரைஞ்சது, அதான் அந்தக் காலு தரைல வழுக்கற விதம் கார்ட்டூன் மாதிரியே இருக்காது. சவுண்ட கொறச்சு வச்சு பாக்காதீங்க.


தூங்காத_பூனை:

எல்லாருக்கும் நன்றி. தாளம் சொன்னது உறுத்திக்கிட்டே இருந்துச்சு, நேத்து ராத்திரி அண்ணனுக்கு போன் போட்டேன். ஹாலோவீன் ஞாபகம் இருக்கான்னு கேட்டா வாயாலயே தகிட தகிட வாசிக்கறான். சரி, அந்த மொட்டத்தல கார்ட்டூன் வர்றப்ப நீ எங்கடா இருப்ப, நான் ஒரு தடவ கூட உன்ன ரூம்ல பாத்த ஞாபகமே இல்லையேன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொல்றான், "டேய், அந்த எக்கோ சத்தம் கேட்டாலே உனக்கு முன்னாடி நான் ஓடிடுவேன்டா."