சனிக்கிழமை ஆட்டத்தின் வீடியோ யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, 89-வது நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்ற கதையைப் பேச வரவில்லை. நம் தடுப்பாட்டக்காரர்களைத் தனியாகத் திட்டிக்கொள்ளலாம். இப்போது வேறு ஓர் உதவி வேண்டும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனை, மைதானத்துக்குள் பாட்டில் எறிந்ததாக விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முகம் அறியும் மென்பொருள் அவனைத்தான் காட்டியதாம். அவனோ தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கோல் வாங்கினால் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பவர்களுக்கு: 2017-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின்போது இதே மாதிரி மென்பொருள் கொடுத்த 2,470 எச்சரிக்கைகளில் 2,297 தவறானவை.

எதிர்ப்பக்க கேலரியில் இருந்தவர்கள் யாராவது, கோல் விழுந்ததும் எங்கள் பக்கம் போனைத் திருப்பினீர்களா? இரண்டு நிமிட வீடியோ போதும். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பாதீர்கள். அது சுருக்கிவிடும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல் மூலக் கோப்பைப் போனிலேயே வைத்திருங்கள்.

அப்புறம், கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி. கோப்பு மாறவில்லை என்று காட்ட ஹாஷ் மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) எடுக்கச் சொல்கிறார்கள். அதைக் கணக்கிட எஸ்ஹெச்ஏ-256 என்ற முறை போதுமா? போனிலேயே எடுக்கலாமா, லேப்டாப்புக்கு மாற்றிய பிறகா? குழுவில் வழக்கறிஞர் இருந்தால், வீடியோ கொடுத்தவரின் போனையும் கேட்பார்களா என்று சொல்லுங்கள். சிலர் அதற்குத்தான் தயங்குகிறார்கள்.

விசாரணை வியாழக்கிழமை.