பேட்டில்ஃப்ரண்டில் பணிந்த ஈஏ, அல்டிமேட் டீமில் ஏன் பணியவில்லை?

நடுக்களத்தான் (கேள்வி):

2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' வெளிவந்தபோது எழுந்த கொந்தளிப்பு இங்கே பலருக்கு நினைவிருக்கும். 60 டாலர் விலையுள்ள அந்த கேமில் டார்த் வேடர் என்ற புகழ்பெற்ற பாத்திரமாக ஆடுவதற்கு, ஆடிச் சேர்க்கும் கேம் பணமான கிரெடிட் 60,000 சேர்க்க வேண்டும் என்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈஏ) நிறுவனம் முதலில் வைத்திருந்தது. மேலும் உள்ளே என்ன இருக்கிறதென்று திறக்கும் வரை தெரியாத பெட்டியான லூட் பாக்ஸைக் காசு கொடுத்து வாங்கியவர்கள், அதில் விழும் அட்டைகளைக் கொண்டு தங்கள் வீரர்களின் வலிமையைக் கூட்டிக்கொள்ள முடிந்தது. ஏன் இப்படி என்று ரெட்டிட்டில் கேட்டபோது, நாயகர்களைத் திறக்கும்போது பெருமிதமும் சாதித்த உணர்வும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று ஈஏ தரப்பில் பதில் எழுதினார்கள். அந்தப் பதிலுக்கு விழுந்த ஆறரை லட்சத்துக்கும் அதிகமான எதிர்வாக்குகள் கின்னஸ் சாதனையாகவே பதிவாயின. வெளியீட்டுக்குச் சற்று முன்பாகக் காசு கொடுத்து வாங்கும் வசதியை நிறுத்திவைத்தார்கள். 2018 மார்ச்சில், ஆட்டத்தின் வலிமையை மாற்றும் அட்டைகளை லூட் பாக்ஸிலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டார்கள்.

ஒரு கேமில் விலக்கிக்கொண்ட இதே முறையை, அதே நிறுவனம் தன் கால்பந்து கேமில், வீரர்களின் அட்டைகளைச் சேர்த்து அணி அமைக்கும் அல்டிமேட் டீம் பகுதியில் ஆண்டுதோறும் நடத்திவருகிறதே, அது எப்படி நிலைக்கிறது? அங்கேயும் அட்டைகள் அடங்கிய பேக்கைத் திறந்தால் எந்த வீரர் வருவார் என்று தெரியாமல்தானே காசைக் கட்டுகிறார்கள்? திட்டித் தீர்ப்பதற்கு வேறு இழைகள் நிறைய இருக்கின்றன. காரணம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

பேரேடு:

நண்பரே, காரணம் அவர்களுடைய ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. 2021 மார்ச்சுடன் முடிந்த நிதியாண்டில், எல்லா விளையாட்டுகளின் அல்டிமேட் டீம் பகுதிகளிலிருந்தும் ஈஏ-வுக்கு வந்த வருவாய் ஏறத்தாழ 162 கோடி டாலர்; அது நிறுவனத்தின் மொத்த வருவாயில் 29 சதவீதம். இதில் பெரும்பங்கு கால்பந்து கேமிலிருந்து வருவது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பேட்டில்ஃப்ரண்டில் விட்டுக்கொடுத்தது இன்னும் வந்து சேராத பணம். அல்டிமேட் டீமில் விட்டுக்கொடுத்தால், பங்குதாரர்களுக்கு ஏற்கெனவே கணக்கு காட்டிய பணம் போய்விடும்.

பேட்டில்ஃப்ரண்ட் யாருடைய உலகம் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்டார் வார்ஸ் டிஸ்னியின் சொத்து. புதிய படம் திரைக்கு வரவிருந்த நேரத்தில், அந்தப் பெயரும் சூதாட்டம் என்ற சொல்லும் ஒரே தலைப்புச் செய்தியில் வருவதை எந்த உரிமையாளர்தான் விரும்புவார்? கேமர்களின் கோபம் பலித்தது உண்மைதான், ஆனால் அந்தக் கோபத்துக்கு அஞ்ச வேண்டிய இன்னொரு பெரிய கை அங்கே இருந்தது. கால்பந்தில் அப்படி ஒரு கை இல்லை.

பேட்டில்ஃப்ரண்டில் விலைக்குறைப்பு என்று அவர்கள் அறிவித்ததையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். நாயகி ஒருத்தியைத் திறப்பதற்கான கிரெடிட் 20,000 என்பதிலிருந்து 5,000 ஆகக் குறைந்தபோது, கதைப்பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசையும் சத்தமில்லாமல் 20,000-லிருந்து 5,000-க்கு இறக்கினார்கள்.

வலதுஓரம்:

மேலே சொன்னதோடு உரிமங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004-இல் அமெரிக்கக் கால்பந்தில் ஈஏ-யின் 'மேடன்' தொடருக்குப் போட்டியாக 'என்எஃப்எல் 2கே5' வெறும் 20 டாலருக்கு வந்தது. தரத்திலும் அது குறைந்ததில்லை. ஈஏ தன் விலையை இறக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அணிகளின் பெயரையும் வீரர்களின் பெயரையும் தான் மட்டுமே பயன்படுத்தும் உரிமத்தை அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லிடமிருந்தும் அதன் வீரர்கள் சங்கத் தரப்பிடமிருந்தும் ஈஏ வாங்கிவிட்டது. ஒரே கையெழுத்தில் போட்டியே போயிற்று. ஐரோப்பியக் கால்பந்தில் நிலைமை அவ்வளவு இறுக்கமில்லை என்றாலும், ஃபிஃபா என்ற பெயரையே இழந்து 2023-இல் 'ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி' என்று மாற்றிக்கொண்ட பிறகும் ஆட்டக்காரர்கள் விலகிப் போகவில்லை, ஏனென்றால் பிரீமியர் லீகின் அணிகளும் வீரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். மாற்றாக இருக்க வேண்டிய, கொனாமி நிறுவனத்தின் கால்பந்து தொடரோ 2021-இல் 'ஈஃபுட்பால்' என்ற பெயரில் படுமோசமான நிலையில் வெளிவந்து, தன் விசுவாசிகளையே விரட்டிவிட்டது. பிடிக்கவில்லையென்றால் வாங்காதே என்று சொல்வதற்கு முன், வேறு எதை வாங்குவது என்பதையும் சொல்ல வேண்டும்.

எதிர்க்கரை:

எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும். 2005 முதல் 2020 வரை பெரிய கேம்களின் விலை 60 டாலரிலேயே நின்றது; அந்த இடைவெளியில் தயாரிப்புச் செலவு பல மடங்கு ஏறியது. பேக் வாங்கும் சிலரால்தான் மற்றவர்களுக்கு அந்த விலை கட்டுப்படியாயிற்று என்பதே என் எண்ணம். சிறு வயதில் பபிள்கம் உறையோடு வந்த கிரிக்கெட் அட்டைக்காக நாம் எத்தனை உறையைப் பிரித்தோம்? அதை யாரும் சூதாட்டம் என்று சொல்லவில்லை. நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றமும் சூதாட்டமல்ல என்றுதானே தீர்ப்பளித்தது?

சட்டப்புள்ளி:

எதிர்க்கரை அவர்களே, அந்தத் தீர்ப்பைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. நெதர்லாந்தின் சூதாட்ட ஆணையம் ஈஏ-வுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. கீழ்நிலை நீதிமன்றம் 2020-இல் அதை உறுதி செய்தது. 2022 மார்ச்சில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. ரத்துக்குச் சொன்ன காரணம் கவனிக்கத் தக்கது. பேக் திறப்பது தனி ஆட்டம் அல்ல, திறமையால் ஆடும் ஒரு பெரிய ஆட்டத்தின் பகுதி, ஆகவே உரிமம் தேவைப்படும் வாய்ப்பு விளையாட்டாக அதைத் தனியே பிரித்துப் பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். பேக் முறை நியாயமானது என்று அது சொல்லவில்லை. இருக்கும் சட்டத்தின் வாசலுக்குள் அது வரவில்லை என்றுதான் சொன்னது.

பெல்ஜியத்தில் வாசல் அகலம். அங்குள்ள சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் 'ஃபிஃபா 18' உள்ளிட்ட மூன்று கேம்களின் லூட் பாக்ஸ்கள் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. மற்ற இரு நிறுவனங்களும் அந்த ஆண்டே பணிந்துவிட, ஈஏ மட்டும் மாதக்கணக்கில் மறுத்துப் பார்த்துவிட்டு, 2019 ஜனவரியில் காசு கொடுத்து வாங்கிப் பேக்குக்குச் செலவிடும் ஃபிஃபா பாயிண்டின் விற்பனையை அந்த நாட்டில் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் ஈஏ-யின் துணைத் தலைவர் ஒருவர், இவை லூட் பாக்ஸ் அல்ல, 'ஆச்சரியம் தரும் நுட்பங்கள்' என்று விளக்கினார். கின்டர் முட்டையோடும் ஒப்பிட்டார். அந்தக் குழு சட்டத் திருத்தம் வேண்டும் என்று பரிந்துரைத்த போதிலும், பிரிட்டன் அரசு 2022-இல் சட்டத்தைத் திருத்துவதில்லை என்று முடிவெடுத்து, நிறுவனங்களே தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

உங்கள் கிரிக்கெட் அட்டை உங்களுடையது. நண்பனிடம் மாற்றிக்கொள்ளலாம், இன்றும் பெட்டியில் வைத்திருக்கலாம். அல்டிமேட் டீம் அட்டையோ அடுத்த செப்டம்பரில் புதிய பதிப்பு வந்ததும் மதிப்பிழந்துவிடுகிறது, ஏனென்றால் சேர்த்த அணி அடுத்த பதிப்புக்கு வருவதில்லை. உறையைப் பிரித்த பிள்ளைக்கு எந்த அட்டை கிடைத்தால் இன்னொன்று வாங்குவான் என்று பபிள்கம் நிறுவனம் நொடிக்கு நொடி கணக்குப் பார்க்கவும் இல்லை.

நடுக்களத்தான்:

அனைவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. 2025 செப்டம்பரில் சவூதி அரசின் முதலீட்டு நிதியமும் சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து ஈஏ-வை 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தன. அதில் 2,000 கோடி டாலர் கடன் என்றார்கள். இனி இந்தப் பேக் விற்பனை குறையும் என்று எதிர்பார்க்க முடியுமா?

பேரேடு:

அவ்வளவு கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நிறுவனம், தயாரிப்புச் செலவு அதிகம் இல்லாமல் ஆண்டுதோறும் வருகிற வருவாயைத் தானாகக் கைவிடும் என்று நான் நினைக்கவில்லை.

எதிர்க்கரை:

பெல்ஜியத்தில் பாயிண்ட் விற்பனை நின்ற பிறகு அந்த கேமையே அங்கே விற்பதை நிறுத்திவிட்டார்களா? அதற்கு விடை தெரிந்தால் என் வாதத்தை நானே மறுபரிசீலனை செய்வேன்.

சட்டப்புள்ளி:

நிறுத்தவில்லை. கேம் அங்கே தொடர்ந்து விற்கப்படுகிறது, அல்டிமேட் டீமும் உண்டு; ஆடிச் சேர்த்த காயினைக் கொண்டு பேக் வாங்கலாம், காசு கொடுத்துப் பாயிண்ட் மட்டும் வாங்க முடியாது. சிறிய சந்தை என்பதால் அங்கே விட்ட வருவாயை மற்ற நாடுகளின் விற்பனை தாங்கிக்கொள்கிறது என்று நீங்கள் வாதிடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பாயிண்ட் விற்பனை இல்லாவிட்டால் கேமே ஓடாது என்ற பேச்சு பெல்ஜியத்துக்குப் பொருந்தவில்லை.