சுருதியை மாற்றியபோது மோடுகள் புரிந்தன

கீபோர்டு கற்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், சி மேஜர் ஸ்கேலை, அதாவது சி-யில் தொடங்கும் வெள்ளைக் கட்டைகளின் வரிசையை, டி-யில் தொடங்கி டி-யில் முடித்தால் அது டோரியன் மோட் என்று எனக்குச் சொல்லித் தரப்பட்டது. அப்படியே வாசித்தேன், ஆனால் என் காதில் விழுந்ததெல்லாம் பாதியில் தொடங்கிப் பாதியில் நின்ற சி மேஜர்தான். இப்படி ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலும் தொடங்கினால் கிடைக்கும் ஏழு மோடுகளின் பெயர்களும் மனப்பாடம், ஒன்றைக்கூடக் கேட்டு அடையாளம் காணத் தெரியாது என்ற நிலை பல மாதங்கள் நீடித்தது.

கர்நாடக இசை சொல்லிக் கொடுக்கும் என் அத்தை ஒருநாள் இதைக் கவனித்துவிட்டு, ஆர்மோனியத்தில் டி கட்டையை அமுக்கி, அது மேலெழாதபடி மடித்த காகிதத்தை இடுக்கில் செருகித் துருத்தியை இயக்கினார். "இதுதான் இப்போ உனக்கு ஸா. இதைக் கேட்டுக்கிட்டே அதே வெள்ளைக் கட்டைகளை வாசி" என்றார். எஃப்-ஐத் தொட்டதுமே அது சாதாரண காந்தாரமாக ஒலித்தது. சி-க்கு வந்தபோது கைசிகி நிஷாதம் கேட்டது. சிறுவயதிலிருந்து பாடிவந்த கரகரப்பிரியா ராகத்தின் சுரங்களைத்தான் நான் இத்தனை நாளும் டோரியன் என்று உருப்போட்டிருக்கிறேன்!

காகிதத்தை ஈ-க்கு மாற்றினால் தோடி, எஃப்-க்குக் கல்யாணி, ஜி-க்கு அரிகாம்போதி, ஏ-க்கு நடபைரவி. (சுர வரிசை மட்டுமே ஒன்று; தோடியின் கமகங்கள், அதாவது சுரங்களை அசைத்துப் பாடும் விதம், கட்டைகளில் பிடிபடாதவை.) பி-யில் மட்டும் பஞ்சமம் கிடைக்காமல் இரண்டு மத்தியமங்கள் வந்துவிடுவதால், பி-யில் தொடங்கும் லோக்ரியன் மோடுக்கு இணையான மேளகர்த்தா (ஏழு சுரத் தாய் ராகம்) இல்லை. சி மேஜருக்கு இணையான சங்கராபரணத்தைக் கொண்டு, ஸா-வை வேறு சுரத்துக்கு மாற்றிச் செய்யும் இந்தக் கிரகபேதத்தை நான் முன்பே அறிந்திருந்தும், அதை மோடுகளோடு இணைத்துப் பார்க்கவில்லை.

மேஜர் ஸ்கேலிலிருந்துதான் மோடுகள் பிறந்தன என்ற எண்ணமும் பின்னர் மாறியது. ஐரோப்பியத் தேவாலய இசையில் டோரியன் போன்றவை பல நூற்றாண்டுகள் வழங்கிய பிறகே, 1547இல் கிளாரியானுஸ் என்ற சுவிஸ் அறிஞர் மேஜருக்கு இணையான அயோனியனைத் தம் பட்டியலில் சேர்த்தார்.

ஆகவே இப்போது டி டோரியனை நான் சி மேஜரோடு ஒப்பிடுவதில்லை. டி மேஜரின் எஃப் ஷார்ப்பையும் சி ஷார்ப்பையும் அரைச்சுரம் இறக்கியதாகவே எண்ணி வாசிக்கிறேன். வாசிக்கையில் பி-யில் சற்று நின்றே செல்கிறேன், ஏனெனில் அது பி ஃப்ளாட்டாக இறங்கிவிட்டால் கையில் இருப்பது நடபைரவி.