சிறு மின்வேலைகளுக்குக் கூலியை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

வீட்டு மின்வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்யும் நான், சிறு வேலைகளுக்குக் கூலி சொல்வதில் அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை வேண்டுகிறேன்.

முழு வீட்டுக்கு வயரிங் என்றால் பாயிண்ட் (விளக்கு, மின்விசிறி, பிளக் போன்ற ஒவ்வோர் இணைப்பும் ஒரு பாயிண்ட்) கணக்கில் சொல்லிவிடலாம். ஒரேயொரு சுவிட்சையோ மின்விசிறியின் கெப்பாசிட்டரையோ மாற்ற அழைக்கும்போது, கைவேலை சில நிமிடங்களில் முடிந்தாலும், போய்வரும் நேரமும், பொருள் வாங்கும் அலைச்சலும், மெயினை அணைத்து மின்சாரம் இல்லையென்று சோதித்து உறுதிசெய்யும் நேரமும் வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை.

பழுது கண்டறியும் வேலை இன்னும் கடினம். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்றால், ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்து, மெக்கர் என்னும் கருவியை வைத்து இன்சுலேஷனை (மின்காப்பை) அளந்து, கசிவு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆகலாம். கடைசியில் ஈரம் புகுந்த வெளிவிளக்கு ஒன்றைக் கழற்றுவதோடு வேலை முடிந்துவிடும். “இதற்கா இவ்வளவு?” என்று கேட்பவரையும் குறைசொல்ல முடியாது.

முதல் அரைமணி நேரத்தையும் சேர்த்து ஒரு குறைந்தபட்ச வருகைக் கட்டணம், அதன்பின் மணிக்கணக்கு என்பதே எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது. மணிக்கணக்கு என்றதும் வேண்டுமென்றே இழுத்தடிப்பதாகச் சந்தேகப்படுவோரும் உண்டு என்பதால், உச்சவரம்பை முன்பே சொல்லிவிடுகிறீர்களா? பழுது கண்டறிவதற்குத் தனிக்கட்டணம் வாங்குவோர், அதைத் தொலைபேசியிலேயே தெரிவிக்கிறீர்களா, நேரில் பார்த்த பிறகா? வாடிக்கையாளரே பொருள் வாங்கித் தந்து, அது பிறகு பழுதானால், மறுவருகைக்குக் கூலி கேட்பீர்களா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.