கே.ஆர்.புரத்துக்குள் பூரணம் உண்டா? சொல்லுக்குள் சொல் ஆடியவர்கள் எழுதுங்கள்

ராமமூர்த்திநகர்க்காரன்:
எங்கள் பெங்களூரு அடுக்ககத்துப் பொங்கல் விழாவில் கொடுத்த சொல் கிருஷ்ணராஜபுரம். அதிலுள்ள எழுத்துகளை வைத்து வேறு சொற்கள் எழுத வேண்டும். பத்து நிமிடம். பெயர்ச்சொல் மட்டும். ஓர் எழுத்து எத்தனை தடவை இருக்கிறதோ அத்தனை தடவைதான் எடுக்கலாம். கி, ரு, ஷ், ண, ரா, ஜ, பு, ர, ம்: ஆக ஒன்பது எழுத்து. புரம், ரணம், புஜம், கிரணம் எல்லாம் வந்தன. ராகி அநேகமாக எல்லாருமே எழுதினார்கள், ஊர் அப்படி. புராணத்தை ஓரிருவர்தான் பிடித்தார்கள். பாதிப் பேர் கிராமம் என்று எழுதிவிட்டு, நடுவில் வரும் ம எங்கே என்று கேட்டதும் விழித்தார்கள்.

ஒரு மேடம் பூரணம் எழுதியிருந்தார். அடித்துவிட்டேன். பு வேறு, பூ வேறு என்றதும் எழுந்து வந்தவர், மார்க்கரை எடுத்து, வெள்ளைப் பலகையில் நான் எழுதியிருந்த பு-வுக்கே ஒரு சுழி போட்டார். “இப்ப பூ இருக்கா சார்?” கூட்டம் அவர் பக்கம். இங்கிலீஷ் ஆட்டத்தில் ஒரே யு-வை வைத்துக்கொண்டு குறில், நெடில் இரண்டுக்கும் ஓட்டுகிறார்களே என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? குறிலை நெடிலாக்க விட்டால், அடுத்து நெடிலையும் குறிலாக்கி, ராகியிலிருந்து ரகி வரைக்கும் போய்விடுமே. உங்கள் பக்கம் எப்படிச் செய்கிறீர்கள்?

அல்சூர் வாத்தியார்:
சார், நீங்கள் அடித்தது சரிதான். ஆனால் காரணத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லியிருக்கணும். இதில் இரண்டு ஆட்டம் இருக்கிறது. ஒன்று, உயிர்மெய்யை உடைக்காத ஆட்டம். இன்னொன்று, மெய் வேறு உயிர் வேறாகப் பிரித்துப் போடுகிற ஆட்டம். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் நல்லது, க் + இ = கி என்பது தானாகவே கைக்கு வந்துவிடும்.

உங்கள் சொல்லையே பிரித்துப் பாருங்கள். மெய் ஒன்பது: க், ஷ், ண், ஜ், ப், ம் ஒவ்வொன்று, ர் மூன்று. உயிர் ஏழு: அ மூன்று, உ இரண்டு, ஆ ஒன்று, இ ஒன்று. மொத்தம் பதினாறு துண்டு. இப்போது மணி, பணம், குணம், குரு, அரண், காரம், ராகம், இரும்பு எல்லாம் வந்துவிடும். பொங்கலுக்குத் தோதாகக் கரும்பே வரும்: க், அ, ர், உ, ம், ப், உ. மரம் மட்டும் வராது, இரண்டு ம் வேணும். பிள்ளைகள் எல்லாரும் முதலில் எழுதுவதே மரம்தான்.

அந்த மேடத்துக்கு இந்த ஆட்டத்திலும் பூரணம் கிடைக்காது. இரண்டு உ-வைச் சேர்த்து ஊ ஆக்க முடியாது. ஊ இருந்தால்தான் உண்டு.

ஒயிட்ஃபீல்டு நிரலர்:
இதை மொபைலில் ஆட்டமாகச் செய்யப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் சோதனையில் திரையில் வந்த கட்டங்களில் ஒன்றில் வெறும் புள்ளிவட்டம், அதன் மேல் ஒரு புள்ளி. இன்னொன்றில் புள்ளிவட்டத்தோடு துணைக்கால். குழந்தைகள் அதையும் இழுத்து வைத்து விளையாடப் பார்க்கிறார்கள்!

காரணம் இதுதான். யூனிகோடில் கி என்பது க-வும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடு. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. கிருஷ்ணராஜபுரம் நமக்கு ஒன்பது, கணினிக்குப் பதினைந்து. குறியீட்டுக் கணக்கிலேயே சரிபார்க்கிற நிரல் ரகம், ஜபம், பாரம் மூன்றையும் சரி என்று சொல்லிவிடும். க இல்லை, ப இல்லை, பா இல்லை. ஆனால் துண்டுகள் இருக்கின்றன அல்லவா, அதனால் ஏமாறும். எழுத்துக்கொத்தாக, அதாவது குறியோடு சேர்ந்த முழு எழுத்தாக, பிரிக்கிற நிரல் நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை) பயன்படுத்துங்கள். அப்படிப் பிரித்தாலும் க்ஷ என்பது க், ஷ என்று இரண்டாகத்தான் உடையும். ஒரே கட்டம் வேண்டுமென்றால் அதற்குத் தனி விதி எழுதணும்.

அடுத்தது கொ, கோ, கௌ. ொ என்பது 0BCA என்ற ஒரே குறியீடாகவும் இருக்கலாம், 0BC6, 0BBE என்று இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு. அகராதியையும் ஆட்டக்காரர் தட்டியதையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப்பட்ட இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடணும். ஆனால் ஒற்றைக்கொம்போடு ள-வைத் தட்டி கெளதமன் என்று எழுதுவார்கள் பாருங்கள், அதை என்எஃப்சி திருத்தாது. ள 0BB3, ௌ-வின் வால் 0BD7. அது தனிக் களையெடுப்பு. ள-வுக்குப் பின் குறியோ புள்ளியோ வந்தால் தொடாதீர்கள், இல்லாவிட்டால் கெளுத்தி மீனும் சேர்ந்து கெட்டுப்போகும்.

மல்லேஸ்வரம் பக்கம்:
வாத்தியாரே, பிரிக்கிற ஆட்டம் வகுப்புக்குச் சரி. விழா மேடையில் அதை வைத்தால் நடுவர் செத்தார். ஒவ்வொரு சொல்லையும் உடைத்து எண்ணணும், கூட்டம் சாப்பாட்டுக்குப் போய்விடும்.

எங்கள் விழாவில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரும் உட்கார்ந்தார். அவர் தன் எழுத்தில் எழுதினால் க்ரு, ஷ்ண, ரா, ஜ, பு, ர என்று ஆறே எழுத்து. ஷ்ண ஒத்தெழுத்து (ஒட்டி எழுதும் கூட்டெழுத்து), உடையாது. ஆகவே ரணம் அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. நமக்குப் புள்ளி தனியாக நிற்பதால்தான் ண வெளியே வருகிறது. “உங்களுக்கு மட்டும் எப்படி?” என்று அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்த முகம் மறக்கவில்லை.

ஜெயநகர் அகராதிப்பிரியை:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தகராறில் பாதி, சொல்லைத் தேர்ந்தெடுக்கிற இடத்திலேயே தொடங்குகிறது. எங்கள் தெருவில் ஒரு தடவை பெங்களூரு என்று கொடுத்தார்கள். கரு தேறும். பெரு என்று ஒரு நாட்டை எழுதி ஒருவர் சண்டை போட்டார். அவ்வளவுதான், பத்து நிமிடமும் பேனா ஓடவில்லை. ளூ போன்ற நெடில் உயிர்மெய் ஒரு சொல்லுக்குத்தான் உதவும், வேறெங்கும் பொருந்தாது.

நல்ல சொல்லுக்கு அடையாளம்: எட்டிலிருந்து பத்து எழுத்து, முடிவில் ம், குறிலாக நாலைந்து அகர உயிர்மெய். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இவை தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வராது. அந்த எழுத்துகளே நிறைந்திருந்தால் ஆட்டம் படுத்துவிடும். (ரணமும் ராகியும் ரதமும் வரும், அவை கடன்.) மெய்யெழுத்து இருந்தால் அதன் ஜோடியும் இருக்கணும். ங் இருந்தால் க-வர்க்கம், ஞ் இருந்தால் ச-வர்க்கம், ந் இருந்தால் த-வர்க்கம். க், ச், த், ப் தமக்குத் தாமே ஜோடி. பக்தி, சப்தம் போன்றவை வந்த சொற்கள். கிருஷ்ணராஜபுரத்தில் இருக்கிற ஷ் செத்த எழுத்து, கிருஷ்ண என்பதைத் தாண்டி யாருக்கும் உபயோகமில்லை. அந்த இடத்தில் ஷ இருந்திருந்தாலாவது நாலு பேர் ஏதாவது முயன்றிருப்பார்கள்.

திருவனந்தபுரம் கொடுத்துப் பாருங்கள். தி, ரு, வ, ன, ந், த, பு, ர, ம். அதே ஒன்பதுதான். தேடும் முறை: ம்-மைக் கடைசியில் ஆணி அடித்த மாதிரி வைத்துவிட்டு முன்னால் இரண்டு எழுத்தாக மாற்றுங்கள். வனம், தனம், தினம், வரம், தரம், தவம், புனம், புரம், ரதம். பிறகு மூன்றெழுத்து முன்னால்: வதனம், புதினம். அப்புறம் ந் பக்கத்தில் த அல்லது தி: வந்தனம், தந்தி, வதந்தி. வதந்தியை எழுதுகிறவர்தான் அநேகமாக ஜெயிப்பார். தந்தம் எழுதுவார்கள், அடியுங்கள், த ஒன்றுதான்.

பெரிய சண்டை அனந்தத்தில் வரும். “திரு, அனந்தம், புரம்தானே சார், சொல்லே அதுதானே!” என்பார்கள். இடையில் வகர உடம்படுமெய் வந்து அ-வோடு ஒட்டி வ ஆகிவிட்டது. பலகையில் அ என்று ஓர் எழுத்து இல்லை. வாத்தியார் சொன்ன பிரிக்கிற ஆட்டத்தில் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

வினைச்சொல்லை உள்ளே விடவே விடாதீர்கள். வருந்தி, திருந்த, வந்தன என்று வந்துகொண்டே இருக்கும். அகராதி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடணும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன் (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதி, 1939-இல் இணைப்பு) என்றால் பழஞ்சொல் தெரிந்தவர் ஒருவர் மேடையையே வாங்கிவிடுவார். பொதுக் கூட்டத்துக்கு 1992-இல் முதலில் வந்த க்ரியா தற்காலத் தமிழ் அகராதி போதும். புழக்கத்தில் இல்லாத சொல்லுக்கு அதில் இடமில்லை.

மடிவாளா மாமா:
அம்மா, க்ரியா மட்டும் என்று கட்டுப்படுத்தினால் சங்கப் பாட்டு படித்த பெரியவர்களுக்கு என்ன மிச்சம்? இந்த ஊரில் அவர்களுக்குத் தமிழ் பேச ஆள் கிடைப்பதே வருஷத்துக்கு இரண்டு விழாதான். லெக்சிகனையும் வைத்துக்கொண்டு, பொருள் சொன்னால் மதிப்பெண் என்று விதி போடுங்கள்.

எங்கள் பக்கம் தகராறு மதிப்பெண்ணில். ஒருவர் ரா எழுதி, ராத்திரி என்றார். நன்னூல் சொல்லும் ஓரெழுத்து ஒருமொழி 42-இல் ரா கிடையாது. கொடுக்கவில்லை, இன்னும் அவர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. ஓரெழுத்துக்குப் பூஜ்யம், இரண்டெழுத்துக்கு ஒன்று, மூன்றெழுத்துக்கு மூன்று, நாலெழுத்துக்கு ஆறு என்று வையுங்கள். நேர்க்கணக்கில் வைத்தால் இரண்டெழுத்தாகக் கொட்டுகிறவர் ஜெயித்துவிடுவார், வதந்தி எழுதியவர் தோற்பார்.

இன்னொன்று. திருத்தும்போது சொற்களை உரக்க வாசிப்பீர்கள் இல்லையா, அப்போது பக்கத்து நாற்காலியில் மெதுவாக எழுதிச் சேர்த்துக்கொள்கிறார்கள். தாளில் கடைசிச் சொல்லுக்குக் கீழே கோடு இழுக்கச் சொல்லி, பேனாக்களை எல்லாம் ஒரு டப்பாவில் வாங்கி வைத்த பிறகுதான் முதல் சொல்லை வாசிக்கணும்.